வான்கோழியா, வம்புக்கோழியா?

ஆண்டில் ஒரு நாள் அமெரிக்காவில் தீயணைப்புப் படைக்கு ஓய்வே கிடையாது.

அது யுத்த நாள் அல்ல. கலவர நாளும் அல்ல. விருந்து நாள்!

நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை அங்கே "நன்றி சொல்லும் நாள்" கொண்டாடுகிறார்கள். "தேங்க்ஸ்கிவிங்" என்று அதற்குப் பெயர். அன்றைக்கு வீட்டுச் சமையலால் பிடிக்கும் தீ, சாதாரண நாளைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று அந்த நாட்டுத் தேசிய தீத்தடுப்புச் சங்கம் கணக்குச் சொல்கிறது. 365 நாட்களில் சமையல் தீ மிக அதிகமாகப் பிடிக்கும் நாள் அதுதான்.

நன்றி சொல்லப் போய் வீட்டுக்கு நெருப்பு வைத்துக்கொள்வானேன்?

இதற்கு அமெரிக்காவில் வழக்கமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நகைச்சுவைப் படங்களில் அதைப் பார்க்கலாம். டெலிவிஷன் நாடகங்களிலும் பார்க்கலாம். கருகிப்போன வான்கோழி. கண்ணைக் கசக்கும் இளம் மனைவி. முகத்தைச் சுளிக்கும் மாமியார். "சமைக்கத் தெரியாதவள் சமைத்தாள், இப்படி ஆயிற்று" என்பதே அந்தப் பதில். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எனக்கு அதில் சம்மதம் இல்லை.

குற்றவாளி அவள் அல்ல. குற்றவாளி மேஜையின் நடுவே, பெரிய தட்டில் உட்கார்ந்திருக்கிறது!

ஏழு கிலோ ராஜா

நம் ஊரில் வான்கோழிக்குப் பெரிய மரியாதை இல்லை. மயிலைப் பார்த்து ஆடியது என்ற கேலிதான் அதற்குக் கிடைத்த பெயர்.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே அது ராஜா. அந்த ஒரு நாளில் நாலு கோடி வான்கோழிகளுக்கு மேல் சாப்பிடப்படுகின்றன என்று மதிப்பிடுகிறார்கள். சாதாரணமாக ஒரு குடும்பம் வாங்கும் வான்கோழி ஏழு கிலோ எடை இருக்கும். நம் கடையில் கிடைக்கும் கோழியைப் போல நாலு பங்கு!

இந்த ராட்சதப் பறவையை வெட்டக்கூடாது. துண்டு போடக்கூடாது. முழுசாக ஓவனுக்குள் தள்ளவேண்டும். ஓவன் என்பது கதவு வைத்த பெட்டி அடுப்பு. ரொட்டி சுடுவதும் கறி வாட்டுவதும் அதில்தான். நாலு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், பறவை பொன் நிறத்தில் பளபளவென்று வெளியே வரவேண்டும். அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

சமைப்பவருக்கு இதில் எத்தனை அனுபவம்? ஆண்டுக்கு ஒரு தடவை!

வருஷத்தில் ஒரே ஒரு நாள் சைக்கிள் விடுகிற ஆளை நினைத்துப் பாருங்கள். அதையும் தேர்த்திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் விடச் சொன்னால் என்ன ஆகும்? விழுந்தால் சிரிப்பதற்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள்!

ஆதியில் நடந்தது என்ன?

"இது முன்னோர் வழக்கம், மாற்றலாமா?" என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

1621ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து பிளைமவுத் என்ற இடத்தில் குடியேறியவர்கள் முதல் அறுவடை கண்டார்கள். வந்த நூறு பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மிச்சம் சுமார் ஐம்பது பேர். அந்த மண்ணின் பழங்குடியான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட், தன் ஆட்கள் 90 பேரோடு வந்து சேர்ந்தார். மூன்று நாள் விருந்து நடந்தது.

வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை. ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருந்தில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. பறவைகளைச் சுட்டு வந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் விருந்தில் வான்கோழி என்று அவர் பெயர் சொல்லவே இல்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குடியேற்றத்தில் அப்போது உயிரோடு இருந்த வயது வந்த பெண்கள் நாலே நாலு பேர். சில சிறுமிகள் கூடமாட உதவியிருக்கலாம். 140 பேருக்கு மூன்று நாள் விருந்து. சமைக்க நாலு பெண்கள்! இந்தப் பண்டிகையின் சமையல் பாரம் அன்றைக்கே யார் தலையில் விழுந்தது என்று பார்த்தீர்களா?

(அந்த விருந்துக்கு வந்த பழங்குடியினரின் வாரிசுகளுக்கு இது சந்தோஷ நாள் அல்ல. மண்ணை இழந்த கதையின் தொடக்கம் அது. 1970 முதல் அதே நாளில், அதே பிளைமவுத்தில் கூடி, துக்க தினம் அனுசரிக்கிறார்கள். விருந்தைப் பற்றிப் பேசும்போது அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல.)

பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பண்டிகைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான நாள் கிடையாது. சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை விடாமல் எழுதினார். ஜனாதிபதிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஆப்ரகாம் லிங்கன் அவர் பேச்சைக் கேட்டு நாளைக் குறித்தார்.

1939இல் ஒரு வேடிக்கை நடந்தது. வியாபாரிகளுக்குக் கிறிஸ்துமஸ் விற்பனை நாள் அதிகம் கிடைக்கட்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னே தள்ளினார். பாதி மாநிலங்கள் புது நாளில் கொண்டாடின. பாதி மாநிலங்கள் பழைய நாளில் கொண்டாடின. இரண்டு நாளும் கொண்டாடிய மாநிலங்களும் உண்டு. அங்கே சமைத்தவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது! கடைசியில் 1941இல் சட்டம் போட்டு நாலாவது வியாழன் என்று முடிவு கட்டினார்கள்.

அந்தச் சட்டம் நாளைத்தான் குறித்தது. முழு வான்கோழி வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு படம் செய்த வேலை

அப்படியானால் முழுப் பறவைப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது?

எத்தனையோ காரணம் இருக்கலாம். ஒரு படத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

நார்மன் ராக்வெல் என்ற ஓவியர் வரைந்த படம் அது. 1943 மார்ச் மாதம் "சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்" பத்திரிகையில் வெளிவந்தது. நீண்ட மேஜை. வெள்ளை விரிப்பு. இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். பாட்டி ஒருத்தி பெரிய தட்டில் முழு வான்கோழியைக் கொண்டுவந்து வைக்கிறாள். பின்னால் தாத்தா நிற்கிறார். பறவையில் ஒரு கீறல் இல்லை. ஒரு கருகல் இல்லை. பாட்டியின் ஏப்ரனில் ஒரு கறை கூட இல்லை!

யுத்த காலத்தில் வறுமை இல்லாத வாழ்வைக் காட்டுவதற்காக வரைந்தது. நல்ல நோக்கம், நல்ல படம். ஆனால் அமெரிக்கக் குடும்பத்தின் மனதில் அது ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. அந்தப் படத்தை ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு ஆண்டும், அசலாக நடத்திக் காட்டவேண்டும் என்று ஆகிவிட்டது. படத்தில் இருக்கும் பாட்டி சமையலறையில் என்ன பாடுபட்டாள் என்று யாரும் வரையவில்லை.

முழுப் பறவையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது சமையல்காரியின் கைக்குக் கட்டுப்படாத சங்கடம்.

வான்கோழியின் நெஞ்சுக் கறி மென்மையானது. சீக்கிரம் வெந்துவிடும். கால் கறி அப்படி அல்ல. பறவையின் பாரம் முழுவதும் சுமந்த கால் அது, நார் அதிகம். அதிக நேரம், அதிகச் சூடு கேட்கும். இரண்டும் ஒரே உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலுக்காகக் காத்திருந்தால் நெஞ்சு வறண்டு, பஞ்சை மெல்வது போல் ஆகிவிடும். நெஞ்சைக் காப்பாற்ற முன்னாலேயே எடுத்தால் கால் வேகாமல் நிற்கும்.

"வறட்டுக் கறி வைத்தாள்" என்று சிரிக்கிறார்களே, அது அவள் கைக்குற்றம் அல்ல. பறவையின் அமைப்பு அப்படி!

குளியல் தொட்டியில் வான்கோழி

சமைக்கும் முன்பே ஒரு கண்டம் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் வான்கோழிகளில் பெரும்பாலானவை பனிக்கட்டியாக உறைந்தவை. கல் மாதிரி இருக்கும். பிரிட்ஜில் வைத்து மெல்ல இளக்கவேண்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது அமெரிக்க விவசாய இலாகா சொல்லும் கணக்கு. ஏழு கிலோ பறவைக்கு நாலு நாள் ஆகும். அதாவது வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமையே உள்ளே வைத்துவிட வேண்டும்.

இது தெரியாதவர் புதன்கிழமை இரவு பார்க்கிறார். பறவை பாறையாக இருக்கிறது. விடிந்தால் விருந்து. என்ன செய்வார்?

அப்போதுதான் விபரீத யோசனைகள் எல்லாம் பிறக்கின்றன. அவற்றைக் கேட்பதற்கென்றே அங்கே ஒரு டெலிபோன் இருக்கிறது! பட்டர்பால் என்ற வான்கோழிக் கம்பெனி 1981இல் அதை ஆரம்பித்தது. ஆறு பெண்கள் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். முதல் ஆண்டே 11,000 பேர் கூப்பிட்டார்கள். பின்னாளில் பதில் சொல்பவர்கள் ஐம்பது பேருக்கு மேல் ஆனார்கள். கேள்விகளும் லட்சத்தைத் தாண்டின.

அந்தப் பெண்கள் சொல்லும் கதைகள் பிரசித்தம். பனிக்கட்டி இளகட்டும் என்று வான்கோழியைக் குளியல் தொட்டியில் போட்டு, பிள்ளைகளையும் அதே தொட்டியில் குளிக்க வைத்த வீடு ஒன்று. வீட்டில் இடம் இல்லை என்று வெளியே பனிக்குவியலில் புதைத்து வைத்தவர் இன்னொருவர். இரவு முழுவதும் மேலும் பனி பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் வான்கோழியைக் காணோம். எங்கே புதைத்தோம் என்பதே தெரியவில்லை!

ஒரு வீட்டில் சின்ன நாய்க்குட்டி, பச்சை வான்கோழியின் வயிற்றுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. "வாயை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள்" என்று டெலிபோனில் யோசனை சொன்னார்கள். நாய் பிழைத்தது.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த டெலிபோனுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி நாயைப் பற்றியது அல்ல. "எப்படி இளக வைப்பது?" என்பதுதான்! பதைபதைத்த குரல்கள்தான் அதிகம்.

பதைபதைக்க வேண்டியதே இல்லை. உறையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் ஏழெட்டு மணி நேரத்தில் இளகிவிடும். அதற்கும் நேரம் இல்லையா? உறைந்த பறவையை அப்படியே ஓவனில் வைக்கலாம். ஒன்றரை மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். விவசாய இலாகாவே சொல்லும் வழி இது. வெந்நீரில் போடுவதும், சமையலறை மேஜையில் இரவெல்லாம் போட்டு வைப்பதும்தான் கூடாது. வெளிப்பக்கம் இளகி, உள்ளே கல்லாக இருக்கும்போது, வெளிப்பக்கத்தில் கிருமி பெருகிவிடும்.

எண்ணெய்க் கொப்பரை

நான் சிரிக்காத ஒரு விஷயம் உண்டு. அது எண்ணெய்.

ஓவனில் நாலு மணி நேரம் யார் காத்திருப்பது? பெரிய கொப்பரையில் எண்ணெய் காய்ச்சி, முழு வான்கோழியை உள்ளே இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். லூசியானா பக்கத்து வழக்கம் இது. பிறகு நாடெங்கும் பரவியது. இது பெரும்பாலும் ஆண்கள் செய்யும் வேலை. வாசலில், காஸ் அடுப்பு வைத்து, நண்பர்கள் கூடி நின்று செய்வார்கள்.

எண்ணெய் சுமார் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொதிக்கிறது. பறவைக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிச்சம் இருக்கிறது. அது எண்ணெயில் பட்டதும் நொடியில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பருமன் ஆகும். அவ்வளவு ஆவியும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு பொங்கும். கொப்பரை வழியும். கீழே அடுப்பு எரிகிறது. பிறகு கேட்பானேன்?

கண்மூடித் திறப்பதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஜ்வாலை எழும்புகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் தீயணைப்புப் படையினர் மைதானத்தில் இதைச் செய்து காட்டி எச்சரிக்கிறார்கள். பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்து முத்திரை கொடுக்கும் "அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்" நிறுவனம் இந்தக் கொப்பரை அடுப்புகளுக்கு நெடுங்காலம் முத்திரை தர மறுத்தே வந்தது.

விண்வெளிக் கப்பலின் தளபதியாக நடித்துப் புகழ் பெற்றவர் வில்லியம் ஷாட்னர். அவரும் வான்கோழி பொரிக்கப் போய்ச் சுட்டுக்கொண்டவர்தான். 2011இல் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, தன் கதையைத் தானே சொல்லி எச்சரிக்கைப் படம் ஒன்றில் நடித்தார். அண்ட வெளியில் பகைவரை வென்றவருக்கே இந்த கதி!

எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் தீ பரவும். அடுப்பிலே சட்டி பற்றிக்கொண்டால் மூடி போட்டு மூடி, அடுப்பை அணைக்கவேண்டும். இது அமெரிக்காவுக்கு மட்டும் சொல்வது அல்ல.

சிறு சிறு சங்கடங்கள்

மற்றவை சில்லறை விபத்துக்கள். கழுத்துத் துண்டையும் ஈரலையும் ஒரு பையில் கட்டிப் பறவையின் வயிற்றுக்குள்ளேயே வைத்து விற்பார்கள். பையை எடுக்க மறந்து அப்படியே வேக வைப்பவர்கள் ஏராளம். விருந்தினர் முன்னால் கத்தியைப் போட்டதும் பை எட்டிப்பார்க்கும்! கிரேவி என்னும் குழம்பில் மாவைச் சூடாகக் கொட்டினால் கட்டி தட்டும். உருளைக்கிழங்கை மெஷினில் போட்டு அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும், சுவரொட்டி ஒட்டலாம்.

தோலையும் கொழுப்பையும் தொட்டியில் கொட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும். மறுநாள் வெள்ளிக்கிழமையைக் குழாய் ரிப்பேர்காரர்கள் "பழுப்பு வெள்ளி" என்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு நல்ல வரும்படி.

வயிற்றுக்குள் போகும் விபத்து ஒன்று இருக்கிறது. அதைச் சில்லறை என்று சொல்லமுடியாது. விருந்து முடிந்ததும் எல்லோரும் டெலிவிஷன் பெட்டி முன் உட்கார்ந்து கால்பந்து ஆட்டம் பார்க்கிறார்கள். மிச்சக் கறி மேஜையிலேயே கிடக்கிறது. "கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ்" என்று ஒரு கிருமி. பெயர் வாயில் நுழையாது; கிருமி வயிற்றில் நுழைந்துவிடும்! சமையல் சூட்டிலும் சாகாத விதை அதற்கு உண்டு. கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். இந்தக் கிருமியால் கூட்டமாக வயிற்றுநோய் வருவது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகம் என்று அந்த நாட்டு நோய்த்தடுப்பு இலாகா சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கறியைச் சிறு பாத்திரங்களில் பிரித்துப் பிரிட்ஜில் வைக்கவேண்டும்.

அதை வைக்கவேண்டியது யார்? காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்த அதே ஆளா? ஆட்டம் பார்ப்பவர்களுக்கும் கை இருக்கிறது.

வெந்துவிட்டதா, இல்லையா என்பதை நிறம் பார்த்துச் சொல்லமுடியாது. ஜுரம் பார்ப்பது போல் பறவைக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். நெஞ்சில் தடித்த இடத்திலும், தொடை இடுக்கிலும் 165 டிகிரி காட்டவேண்டும். அது பாரன்ஹீட் கணக்கு. நமக்குப் பழகிய கணக்கில் 74 டிகிரி. வயிற்றுக்குள் ரொட்டிப் பூரணம் வைத்திருந்தால் அதுவும் அந்தச் சூட்டுக்கு வரவேண்டும். தெர்மாமீட்டர் அங்கே மலிவாகக் கிடைக்கும் பொருள். இருந்தும், அதை வைத்துப் பார்ப்பது தன் கைப்பக்குவத்துக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. வீண் ரோஷம்!

ஜூலியா சைல்டின் துணிச்சல்

ஜூலியா சைல்ட் என்ற அம்மையார் அமெரிக்க டெலிவிஷனில் சமைத்துக் காட்டிப் புகழ் பெற்றவர். 1963இல் ஆரம்பித்தார். ஒரு நாள் காமிராவுக்கு முன்னால் உருளைக்கிழங்கு அடையை வாணலியோடு தூக்கித் திருப்பினார். பாதி அடை அடுப்பின் மேல் விழுந்துவிட்டது. அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை. அள்ளி வாணலியில் போட்டு ஒட்ட வைத்தார். சமையலறையில் நாம் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார். பார்த்துக்கொண்டிருந்ததோ ஊர் முழுவதும்!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதை வாய்க்கு வாய் மாறி, "அவர் முழு வான்கோழியையே தரையில் போட்டுவிட்டார்" என்று ஆகிவிட்டது. அவர் போடவில்லை. ஆனாலும் மக்கள் அப்படி நம்ப ஆசைப்பட்டார்கள். ஏன்? அவ்வளவு பெரிய சமையல் மேதையே வான்கோழியைக் கீழே போட்டிருந்தால், தங்கள் மனசுக்கு எவ்வளவு ஆறுதல்!

அவரே பிற்காலத்தில் ஒரு வழி காட்டினார். வான்கோழியைச் சமைக்கும் முன்பே துண்டாக்கிவிடுவது. காலைத் தனியாகவும் நெஞ்சைத் தனியாகவும் வேக விடுவது. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் பக்குவம் ஆகும். பாதி நேரத்தில் வேலை முடியும். பிறகு தட்டில் சேர்த்து அடுக்கினால் பார்வைக்கும் குறைவில்லை.

ஆட்சேபம் ஒன்று வரும் என்று தெரியும். "முழுப் பறவையைப் பெரியவர் எல்லோர் முன்னாலும் கத்தி எடுத்து வெட்டுவதுதானே அழகு?" என்பார்கள். அந்த அழகை நான் மறுக்கவில்லை. குழந்தைகள் அதைப் பார்த்து வாய் பிளப்பதும் உண்மை. ஆனால் காலையிலிருந்து நின்று கால் கடுத்தவர் ஒருவர். கடைசியில் கத்தியைப் பிடித்துப் பாராட்டு வாங்குகிறவர் வேறொருவர். அந்தப் பாராட்டில் பாதியையாவது அடுப்படிக்கு அனுப்பக்கூடாதா?

பட்டர்பால் டெலிபோனில் பதில் சொல்ல ஆண்களையும் முதல் தடவையாகத் தேடியது 2013இல்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின! கேள்வி கேட்டுக் கூப்பிடும் ஆண்கள் கணிசமாக ஆகிவிட்டார்கள் என்பதே காரணம். அடுப்படிக்கு ஆண்கள் வருகிறார்கள். நல்ல சேதி. கொப்பரையோடு வராமல், கரண்டியோடு வரட்டும்.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அந்த விடுமுறையில் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவது அவர்களிடம் சகஜம். ஒருவர் சாதம், ஒருவர் குழம்பு, ஒருவர் பாயசம். அமெரிக்கர்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் வான்கோழி மட்டும் அழைத்தவர் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். வான்கோழியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். நெஞ்சு ஒரு வீட்டில், கால் ஒரு வீட்டில் வெந்து வரட்டுமே!

1973இல் டெலிவிஷனில் வந்த "சார்லி பிரவுன்" பொம்மைப் படம் ஒன்று அங்கே பிரபலம். சார்லி பிரவுன் என்ற சிறுவன் வீட்டுக்கு நண்பர்கள் தாங்களாகவே விருந்துக்கு வந்துவிடுகிறார்கள். பையனுக்குச் சமைக்கத் தெரியாது. அவன் நாய் வறுத்த ரொட்டியும் சோளப்பொரியும் மிட்டாயும் தட்டில் வைக்கிறது. வந்த சிறுமி ஒருத்தி, வான்கோழி எங்கே என்று கோபித்துக்கொள்கிறாள். பிறகு அவளே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறாள். எல்லோரும் பாட்டி வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்புகிறார்கள்.

அந்தப் பாட்டி வீட்டில் யார் சமைத்தார்கள் என்று படத்தில் காட்டவில்லை.